டு ஹார்ட் 2 நாயகிகளின் ரூட்களை எடைபோடுவது எப்படி: புதிய வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

விஷுவல் நாவல் என்பது படங்களோடு திரையில் வாசிக்கும், வாசகரின் தெரிவுகளுக்கேற்பக் கிளை பிரியும் கதை; அதில் ஒவ்வொரு நாயகிக்கும் உரிய தனிக் கதைக்கிளையே ரூட். காதல் நகைச்சுவை விஷுவல் நாவல் ஒன்றை வாசித்து முடித்தவர்கள் கூடினால், எந்த நாயகியின் ரூட் சிறந்தது என்ற பேச்சு வராமல் இருப்பதில்லை. அந்தப் பேச்சில் பெரும்பாலும் நாயகியின் மீதுள்ள பிரியமே ரூட்டைப் பற்றிய தீர்ப்பாக மாறிவிடுகிறது. ஒரு நாயகியை மிகவும் பிடித்திருந்தும் அவளுக்கு எழுதப்பட்ட கதை மெலிந்து போயிருக்கலாம். முதல் சந்திப்பில் எரிச்சலூட்டியவளின் கதை மற்ற எல்லாவற்றையும்விட உறுதியாகக் கட்டப்பட்டிருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதே எடைபோடும் வேலையின் தொடக்கம். வாசிப்பது ஒரு தொடர்ச்சிப் படைப்பாக இருந்தால், முதல் படைப்பின் நினைவும் தராசில் ஏறி உட்கார்ந்துகொள்வதால் வேலை இன்னும் கடினமாகிறது.

இந்த வழிகாட்டிக்கு ஜப்பானின் அக்வாப்ளஸ் நிறுவனம் 2004 டிசம்பர் 28 அன்று பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வெளியிட்ட டு ஹார்ட் 2 படைப்பை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதன் முன்னோடியான டு ஹார்ட், அதே நிறுவனத்தின் லீஃப் என்ற பெயரில் 1997ஆம் ஆண்டு மே மாதம் கணினிக்கு வந்தது. 1996இல் வந்த இரண்டு இருண்ட கதைகளுக்குப் பிறகு, லீஃப் தன் விஷுவல் நாவல் வரிசையின் மூன்றாம் படைப்பாக, பள்ளியின் அன்றாட வாழ்வையும் இளவேனில் காலத்தையும் மட்டுமே நம்பி எழுதிய கதை அது. பின்னாளில் வந்த எத்தனையோ பள்ளிக் காதல் கதைகளுக்கு அதுவே அச்சாக அமைந்தது. அப்படிப்பட்ட ஒன்றுக்கு ஏழு ஆண்டுகள் கழித்து, முற்றிலும் புதிய நாயகிகளோடு தொடர்ச்சி எழுதத் துணிந்தார்கள் என்பதால், தொடர்ச்சிப் படைப்பின் ரூட்களை எடைபோடக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பாடநூல் எனக்குத் தெரியவில்லை. கதைகளின் முடிவுகளை நான் இங்கே உடைக்கவில்லை. ஆனால் யார் எப்படிப்பட்டவர், எந்த ரூட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றைச் சொல்லாமல் இருக்க முடியாது.

முதலில் பதிப்பை உறுதி செய்யுங்கள்

ஒருவர் டு ஹார்ட் 2 என்று சொல்லும்போது எந்தப் பதிப்பைச் சொல்கிறார் என்பது தெரியாமல் அவருடைய தீர்ப்பை உங்கள் தீர்ப்போடு ஒப்பிட முடியாது. 2004இன் பதிப்பில் கொனோமி, தமாகி, மனாகா, கரின், யூமா, இரட்டையரான சாங்கோ மற்றும் ரூரி, லூசி மரியா மிசோரா, யூகி ஆகியோர் இருக்கிறார்கள். 2005 டிசம்பரில் கணினிக்கு வந்த பதிப்பில் சசாரா என்ற புதிய நாயகி சேர்க்கப்பட்டாள். அந்தக் கணினிப் பதிப்பு வயது வந்தோருக்கு மட்டுமானது. ஆனால் சசாராவின் கதை பின்னர் வந்த அனைவருக்குமான கன்சோல் (பிளேஸ்டேஷன் போன்ற விளையாட்டுக் கருவி) பதிப்புகளிலும் இடம்பெற்றது. புதிதாகத் தொடங்குபவர்கள், 2009இல் பிஎஸ்பி என்ற கையடக்க பிளேஸ்டேஷன் கருவிக்கோ 2011இல் பிளேஸ்டேஷன் 3 கருவிக்கோ வந்த பதிப்பை எடுத்துக்கொள்வதே நல்லது. ரூட்களின் எடையைப் பார்க்க அவையே போதும். இந்தக் கட்டுரையும் அனைவருக்குமான கதையைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

2005 அக்டோபரில் தொடங்கி 13 பகுதிகளாக ஒளிபரப்பான தொலைக்காட்சி அனிமேவைப் பார்த்துவிட்டு ரூட்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவர்களும் உண்டு. அது எல்லா நாயகிகளையும் ஒரே ஓடையில் மிதக்க விட்டு, ஒவ்வொருவரையும் கொஞ்ச நேரம் காட்டி நகர்கிறது. பாத்திரங்களின் அறிமுகமாக அதைப் பார்க்கலாம். ரூட்டை மதிப்பிடும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முன்னோடியை எந்த அளவுக்கு அறிந்திருக்க வேண்டும்

டு ஹார்ட் 2இன் கதை, முதல் படைப்பு நடந்த அதே பள்ளியில் இரண்டு ஆண்டுகள் கழித்து நடக்கிறது. பழைய நாயகனும் அவனுடைய தோழிகளும் இங்கே கதையை நகர்த்துவதில்லை. ஆகவே முதல் படைப்பை முழுவதும் வாசித்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். ஆயினும் அதில் இரண்டு ரூட்களையாவது வாசித்துவிட்டு வாருங்கள் என்று உறுதியாகச் சொல்வேன்: ஒன்று அகாரியின் ரூட், மற்றொன்று மல்டியின் ரூட். 2025இல் முதல் படைப்பு புதிதாக உருவாக்கப்பட்டு ஆங்கிலத்திலும் கிடைப்பதால் ஜப்பானிய மொழி தெரியாதவர்களுக்கும் இது இயலும்.

இந்த இரண்டைக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. அகாரி நாயகனின் சிறுவயதுத் தோழி; காலையில் அவனை எழுப்பிப் பள்ளிக்குக் கூட்டிச் செல்பவள். அவள் கதையில் பெரிய விபத்தோ இரகசியமோ கிடையாது. ஒரு நாள் அவள் சடையை அவிழ்த்துத் தலையலங்காரத்தை மாற்றிக்கொண்டு வருகிறாள்; பழகிய முகம் புதிய முகமாகத் தெரியத் தொடங்குகிறது. மல்டி என்பவள் குருசுகாவா நிறுவனம் சோதனைக்காகப் பள்ளிக்கு அனுப்பிய பணிப்பெண் இயந்திரம். தாழ்வாரத்தைத் துடைக்கும் வேலையைக்கூடத் தடுமாறித் தடுமாறிச் செய்கிற அவளுக்குக் குறிக்கப்பட்ட நாட்கள் சிலவே. அன்றாடத்தின் இனிமைக்கு அகாரியும், பிரிவின் வலிக்கு மல்டியும் அளவுகோல்களாக வாசகர் மனத்தில் நின்றுவிட்டார்கள். டு ஹார்ட் 2இன் எழுத்தாளர்கள் இந்த இரண்டு அளவுகோல்களையும் அறிந்தே எழுதினார்கள் என்பது ஒவ்வொரு ரூட்டிலும் தெரிகிறது.

பொதுப்பகுதியை அவசரமின்றி வாசியுங்கள்

எந்த நாயகியின் ரூட்டுக்குள்ளும் நுழைவதற்கு முன்னுள்ள பொதுப்பகுதியைப் பலர் விரைந்து கடக்கிறார்கள். எடைபோட விரும்புபவர் இங்கேதான் மெதுவாக நடக்க வேண்டும். ஒவ்வொரு ரூட்டும் பின்னால் திருப்பித் தர வேண்டிய கடன் இங்கேதான் வாங்கப்படுகிறது. கையில் ஒரு சிறு நோட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாயகிக்கும் இரண்டே குறிப்புகளை எழுதினால் போதும்: அவளை வைத்து நம்மைச் சிரிக்க வைப்பது எது, அவள் எதைப் பற்றிப் பேசுவதைத் தவிர்க்கிறாள்.

நாயகனைப் பற்றியும் ஒரு குறிப்பு வேண்டும். கோனோ தகாஆகி பெண்களிடம் பேசவே கூச்சப்படுபவன். பெற்றோர் வெளிநாட்டில் இருப்பதால் வீட்டில் தனியாக இருக்கிறான். பக்கத்து வீட்டுக் கொனோமியின் குடும்பம் அவனைக் கவனித்துக்கொள்கிறது. கொனோமி ஒரு வயது இளையவள், அவனுக்குத் தங்கையைப் போன்றவள் என்பதால் அவளிடம் மட்டும் அவனுக்குக் கூச்சமில்லை. சிறுவயதில் அவர்களை ஆட்டிப்படைத்த தமாகி ஊர் திரும்பியதும், அவளுடைய தம்பி யூஜியோடு சேர்த்து நால்வர் கூட்டம் மறுபடியும் உருவாகிறது. தமாகியின் கை யூஜியின் முகத்தைக் கவ்விப் பிடிக்கும் அந்த இரும்புப் பிடியை வாசகர் முதல் சில மணி நேரத்திலேயே பல முறை பார்த்துவிடுவார். யூஜி ஏதாவது அசட்டுத்தனமாகச் சொல்வான், சொல்லி முடிப்பதற்குள் அக்காவின் விரல்கள் அவன் நெற்றிப்பொட்டில் இறங்கியிருக்கும், அவன் அலறுவான், கொனோமி பதறுவாள், தகாஆகி ஒரு அடி பின்வாங்குவான். நான்கு பேரின் இயல்பும் ஒரே நகைச்சுவையில் தெரிந்துவிடுகிறது. நாயகனின் கூச்சம், இந்த நால்வர் கூட்டத்தின் இதம் ஆகிய இரண்டும் கதை தரும் முதலீடுகள். ஒரு ரூட் இவற்றைப் பயன்படுத்துகிறதா, மறந்துவிடுகிறதா என்பது பிற்பாடு தீர்ப்பில் கனமாக இறங்கும்.

நகைச்சுவை எங்கே போகிறது என்று பின்தொடருங்கள்

காதல் நகைச்சுவையை எடைபோடுவதில் எனக்குத் தெரிந்த மிக நம்பகமான சோதனை இதுதான்: பொதுப்பகுதியில் நாயகியை வேடிக்கையாக்கிய அதே குணம், அவளுடைய ரூட்டின் நடுப்பகுதியில் அவளுடைய துன்பத்தின் வேராக வெளிப்படுகிறதா என்று பாருங்கள். வெளிப்பட்டால், சிரிப்பும் கண்ணீரும் ஒரே துணியில் நெய்யப்பட்டிருக்கின்றன என்று பொருள். நகைச்சுவை பாதியில் நின்று, அதற்குச் சம்பந்தமில்லாத ஒரு நோயோ குடும்பச் சிக்கலோ வெளியிலிருந்து வந்து கதையைச் சோகமாக்கினால், இரண்டு வெவ்வேறு கதைகளை ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். டு ஹார்ட் 2இல் இந்த இரண்டு வகைக்கும் எடுத்துக்காட்டுகள் கிடைக்கின்றன என்பதால் பயிற்சிக்கு மிக நல்லது.

இரட்டையரின் ரூட்டை இந்தச் சோதனையில் முதலில் வையுங்கள். ரூரி தன் அக்கா சாங்கோவை யாரும் நெருங்க விடமாட்டாள். தகாஆகி நல்ல எண்ணத்தோடு ஒரு சொல் பேசினாலே அவள் காலால் உதைக்கத் தயாராகிவிடுவாள். சாங்கோவோ எதையும் பொருட்படுத்தாமல் எல்லோரையும் அன்பால் நனைக்கிறவள். இயந்திரங்களுக்கான செயற்கை அறிவை உருவாக்கும் மேதை. தொடக்கத்தில் ரூரியின் கோபம் வெறும் நகைச்சுவை. பின்னர், சாங்கோவின் உழைப்பில் உருவான இல்ஃபா என்ற பணிப்பெண் இயந்திரம் அவர்கள் வாழ்வில் நுழையும்போது, சமையலும் வீட்டு வேலையும் செய்து அக்காவுக்குத் துணையாக இருந்த தன் இடம் பறிபோகுமோ என்ற அச்சம் ரூரியிடம் தெரிகிறது. அதுவரை நாம் சிரித்த ஒவ்வொரு உதைக்கும் புதிய பொருள் கிடைக்கிறது. புதிதாக எதையும் வெளியிலிருந்து கொண்டுவராமல், ஏற்கெனவே மேசையில் இருந்ததையே திருப்பிக் காட்டுகிற எழுத்து இது. இந்தப் படைப்பின் மிக வலுவான ரூட்களில் ஒன்று என்று நான் இதைச் சொல்வதற்கு இதுவே காரணம்.

கரினின் ரூட்டும் இதே சோதனையில் நன்றாகத் தேறுகிறது. மர்ம ஆய்வு மன்றம் என்ற, ஆளில்லாத ஒரு மன்றத்தின் தலைவி அவள். தகாஆகியைத் தந்திரமாகக் கையெழுத்திட வைத்து உறுப்பினராக்கிவிடுகிறாள். உடற்பயிற்சிக்கூடத்தின் சாமான் அறையில் மன்றம் நடக்கிறது. முட்டை சாண்ட்விச் என்றால் அவளுக்கு உயிர். இவையெல்லாம் வேடிக்கைதான். ஆனால் ஆளில்லாத மன்றத்துக்கு ஒருத்தி ஏன் இவ்வளவு பிடிவாதமாக ஆள் சேர்க்கிறாள் என்ற கேள்வியைப் பொதுப்பகுதியிலேயே குறித்து வைத்தவர்கள், ரூட் போகும் திசையைக் கண்டு வியப்படைய மாட்டார்கள், நிறைவடைவார்கள்.

மலைப்பாதை மிதிவண்டியில் வந்து மோதி, அன்று முதல் தகாஆகியின் முழுப்பெயரையும் கத்திச் சவாலுக்கு அழைக்கும் யூமாவின் ரூட்டைப் பற்றி என் கருத்து அவ்வளவு உயர்வானதில்லை. போட்டியின் துள்ளல் மிக இனிமையானது. அந்தத் துள்ளல் காதலாக மாற வேண்டிய இடத்தில் கதையின் நடை திடீரென்று வேறு ஒருவருடையது போலாகிவிடுவதாக எனக்குப் படுகிறது. நீங்களே வாசித்துப் பார்த்து, போட்டி நின்ற காட்சியையும் நெருக்கம் தொடங்கிய காட்சியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு படி குறைகிறதா இல்லையா என்பதை அங்கேதான் முடிவு செய்ய வேண்டும்.

நாயகன் மாறுகிறானா

ரூட் என்பது நாயகியின் கதை மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் குறிப்பிட்ட பெண்ணைச் சந்தித்ததனால் மட்டுமே நாயகனிடம் ஏற்படக்கூடிய ஒரு மாற்றம் ரூட்டில் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு: அந்த ரூட்டின் முக்கியமான தெரிவுகளை எழுதிக்கொண்டு, அதே தெரிவுகளை வேறொரு நாயகியின் முன்னால் செய்தாலும் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்துமென்றால் நாயகன் அங்கே ஒரு நிழலாகத்தான் நிற்கிறான்.

இந்தச் சோதனையில் மனாகாவின் ரூட்டுக்கு ஈடு இல்லை என்பது என் கருத்து. யார் எந்த வேலையைக் கொடுத்தாலும் மறுக்கத் தெரியாத பெண் அவள். நூலகத்தின் பின்புறம் உள்ள புத்தக அறையைத் தனியாகப் பேணிவருகிறாள். அங்கே தேநீர் வைத்துக் கொடுப்பாள். தகாஆகிக்குப் பெண்களிடம் கூச்சம் என்றால் அவளுக்கு ஆண்களிடம் கூச்சம். ஒருவர் தயங்க மற்றவர் அதைவிடத் தயங்க, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நகரும் அந்தத் தேநீர் வேளைகள், நாயகனின் கூச்சம் என்ற முதலீட்டை வட்டியோடு திருப்பித் தருகின்றன. தகாஆகி இங்கே மாறுவது அவளுக்கு உதவப் போய்த்தான். அவள் மாறுவதும் அவனுடைய தயக்கத்தில் தன்னைக் கண்டுகொண்டுதான். கதையில் பெரிய அதிர்ச்சிகள் இல்லை என்று இதைத் தாழ்த்தி மதிப்பிடுபவர்களோடு நான் உடன்படுவதில்லை. அதிர்ச்சியில்லாமல் இருபது முப்பது சிறிய காட்சிகளைக் கொண்டே இரண்டு மனிதர்களை இடம்பெயர்த்து வைப்பது எழுத்தில் கடினமான வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கன்சோல் பதிப்பில் நாயகிகளுக்குக் குரல் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஓவியங்களை மிசாட்டோ மிட்சுமி, அமாசுயு தட்சுகி, கவாட்டா ஹிசாஷி, நகமுரா தகேஷி ஆகிய நால்வர் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். தமாகிக்கு இத்தோ ஷிசுகா தந்திருக்கும் குரலில், அதட்டலும் வாஞ்சையும் ஒரே மூச்சில் வருகின்றன. இப்படிப்பட்ட குரல் மெலிந்த வசனத்தையும் தாங்கிப் பிடித்துவிடும். அதனால், தீர்ப்பு எழுதுவதற்கு முன் முக்கியமான இரண்டு மூன்று காட்சிகளைக் குரலை நிறுத்திவிட்டு வசனத்தை மட்டும் மறுபடி வாசியுங்கள். குரலுக்கும் ஓவியத்துக்கும் உரிய பாராட்டைத் தனியாகக் கொடுங்கள். எழுத்தின் கணக்கில் சேர்க்க வேண்டாம். மொழியையும் இதே இடத்தில் கவனிக்க வேண்டும். சாங்கோவும் ரூரியும் பேசுவது ஒசாகா வட்டாரத்தைச் சேர்ந்த பேச்சுவழக்கு. கொனோமி உற்சாகத்தில் படைவீரர் அறிக்கை தருவதுபோல வாக்கியத்தை முடிப்பாள். மொழிபெயர்ப்பின் வழியாக வாசிப்பவருக்கு இந்தச் சுவை பெரும்பாலும் எட்டாது என்பதால், ‘வசனம் தட்டையாக இருக்கிறது’ என்று எழுதுவதற்கு முன் அது மூலத்தின் குறையா, நடுவில் நேர்ந்த இழப்பா என்று யோசிக்க வேண்டும்.

மற்ற நாயகிகள் எங்கே போனார்கள்

ஒரு ரூட்டுக்குள் நுழைந்ததும் மற்ற நாயகிகள் எல்லோரும் ஊரைவிட்டே போய்விட்டது போல மறைந்துவிடுவது இந்த வகைக் கதைகளின் பழைய நோய். பக்கத்து வீட்டில் இருக்கும் கொனோமியும் தினமும் சேர்ந்து பள்ளிக்கு நடக்கும் தமாகியும் ஒரு மாதமாகக் கண்ணில் படவில்லை என்றால், அந்த உலகம் நம்பத்தக்கதாக இருக்காது. நம் அகப்பாடல்களில் தலைவியின் மனத்தைத் தலைவனுக்கு எடுத்துச் சொல்லும் தோழிக்கு எவ்வளவு பெரிய இடம் இருக்கிறது என்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தக் குறை சட்டென்று தெரியும். யாருடைய ரூட்டில் யார் தோழியின் இடத்தில் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கொனோமியின் ரூட் இந்த வகையில் மிகச் சிறப்பானது. நால்வர் கூட்டத்தில் இருவர் காதலர்களாகிவிட்டால் மீதி இருவரின் இடம் என்னவாகும் என்ற கேள்வி அந்தக் கதையின் மையத்திலேயே நிற்கிறது. தமாகியின் ரூட்டில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. எல்லோருக்கும் அக்காவாக இருந்து பழகியவள், தனக்கென்று ஒன்றைக் கேட்டால் கூட்டம் குலைந்துவிடுமோ என்று தயங்குவதில் நியாயம் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒரே கேள்விக்கு இரண்டு பக்கமிருந்து விடை தேடுவதைக் காணலாம்.

முன்னோடியோடு ஒப்பிடும் இடம்

இத்தனையும் முடித்த பிறகுதான் முதல் படைப்போடு ஒப்பிட வேண்டும். முதலிலேயே ஒப்பிட்டால், ‘அகாரி போல இல்லை’, ‘மல்டியைப் போல அழ வைக்கவில்லை’ என்ற இரண்டு வாக்கியங்களைத் தாண்டி எதுவும் எழுத முடியாமல் போகும்.

தொடர்ச்சியின் ரூட் ஒன்று முன்னோடிக்கு மூன்று விதமாக நடந்துகொள்ளலாம். பழையதைப் பெயர் மாற்றி மறுபடியும் சொல்லலாம். முற்றிலும் விலகிப் போகலாம். அல்லது பழையதை எடுத்து அதைக் கேள்வி கேட்கலாம். மூன்றாவதே மதிப்பு மிக்கது. கொனோமியை அகாரியின் மறுபதிப்பு என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் அகாரி நாயகனை எழுப்பிக் கூட்டிச் செல்பவள். இங்கே கொனோமியின் வீட்டு வாசலில் காத்திருப்பவன் தகாஆகி. கவனித்துக்கொள்பவரும் கவனிக்கப்படுபவரும் இடம் மாறியதால் கேள்வியே மாறிவிடுகிறது. பார்த்துக்கொள்ளப்பட வேண்டிய சிறுமியாகவே எல்லோராலும் நடத்தப்படுகிறவள், தான் வளர்ந்துவிட்டதை எப்படி உணர்த்துவாள் என்பது அகாரிக்கு எழாத கேள்வி. அதேபோல, மல்டியின் கதை ஓர் இயந்திரத்துக்கு மனம் உண்டா என்று கேட்டது. இல்ஃபா வரும் ரூட் அந்த மனம் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு தொடங்கி, அப்படியென்றால் அதனோடு ஒரே வீட்டில் வாழும் மனிதருக்கு என்ன ஆகும் என்று கேட்கிறது. முன்னோடி விட்ட இடத்திலிருந்து சிந்தனை ஓர் அடி முன்னால் போயிருக்கிறது. தொடர்ச்சிப் படைப்பிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

இந்த அளவுகோல்கள் எல்லா ரூட்களுக்கும் ஒரே மாதிரி பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். இரவில் பள்ளியில் சந்திக்கும் யூகியின் கதையில் நகைச்சுவை மிகக் குறைவு. அதை நகைச்சுவைச் சோதனையில் வைத்துத் தோல்வி என்று எழுதுவது நியாயமில்லை. அங்கே கேட்க வேண்டியது, பகல் பொழுதின் கலகலப்பான கதைகளுக்கு நடுவில் இந்த அமைதி எதைச் சேர்க்கிறது என்பதை. லூசியின் ரூட் வேறு விதத்தில் சவாலானது. தான் பெருங்கரடி விண்மீன் கூட்டத்தின் 47ஆம் விண்மீனைச் சுற்றும் மூன்றாம் கோளிலிருந்து வந்தவள் என்று சொல்லி, இரு கைகளையும் உயர்த்தி ‘ரூ’ என்று வணக்கம் சொல்லும் பெண்ணை நாம் நம்ப வேண்டுமா, வேண்டாமா? அந்த ரூட்டை எடைபோடுபவர், தான் எந்தக் காட்சியில் நம்பத் தொடங்கினார் அல்லது நம்ப மறுத்தார் என்பதைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு கதை அந்த நிலைக்கு நேர்மையாக நடந்துகொண்டதா என்று பார்க்க வேண்டும்.

சசாராவைத் தனியாக எடைபோட வேண்டியதற்குக் காரணம், அவள் ஓராண்டு கழித்துச் சேர்க்கப்பட்டவள் என்பது. பின்னால் சேர்க்கப்பட்ட நாயகியின் ரூட்டில் எழுத்தாளர்களுக்கு ஒரு வசதி உண்டு: வாசகர்களின் வரவேற்பை அறிந்த பிறகு எழுதுகிறார்கள். ஒரு பாதகமும் உண்டு: பொதுப்பகுதியில் வேர் விட இடம் குறைவு. மாணவர் மன்றத்தில் எல்லோரும் அஞ்சும் கண்டிப்பான துணைத்தலைவியாக இருந்த சசாராவின் கதையில், அவளுக்கு முன்பு தலைவியாக இருந்து பட்டம் பெற்றுப் போன மார்யான் எந்த நேரத்தில் எங்கிருந்து குதித்து வருவாள் என்று சொல்ல முடியாது. அந்தக் குறும்புக்கார மூத்தவள் வந்தால் காட்சி முழுவதும் அவளுடையதாகிவிடுகிறது. அதைக் குறையாகக் கொள்பவர்கள் இருக்கிறார்கள். சசாராவின் தனிமை எவ்வளவு ஆழமானது என்பது மார்யானின் சத்தம் அடங்கும் நேரங்களில்தான் தெரிகிறது என்பதால், நான் அதைத் தேர்ந்த கட்டமைப்பாகவே பார்க்கிறேன்.

தீர்ப்பை எழுதும்போது

மதிப்பெண் தர விரும்பினால் தரலாம். ஆனால் ஒரு ரூட்டை முடித்த அன்றே தர வேண்டாம். குறைந்தது மூன்று ரூட்களை முடித்த பிறகு, முதலில் முடித்ததற்குத் திரும்பி வாருங்கள். முதல் ரூட்டில் நாயகனும் ஊரும் புதிதாக இருந்ததால் கிடைத்த மகிழ்ச்சியும், கடைசி ரூட்டில் பழகிப்போன காட்சிகளைத் தாண்டித் தாண்டி வந்ததால் ஏற்பட்ட அயர்ச்சியும் எழுத்தாளரின் கணக்கில் சேரக் கூடாது. எந்த வரிசையில் வாசித்தீர்கள் என்பதைத் தீர்ப்பின் தலைப்பிலேயே குறிப்பிடுவது வாசிப்பவருக்குச் செய்யும் பெரிய உதவி. புதியவர்களுக்கு நான் சொல்லும் வரிசை, கொனோமி முதலில், தமாகி அடுத்து, பிறகு கரினும் மனாகாவும், அதன் பின் இரட்டையர், இறுதியில் லூசியும் யூகியும் என்பது. யூமாவை இடையில் எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சசாராவை மட்டும் எல்லோருக்கும் பின்னால் வையுங்கள்.

எழுதும்போது முடிவை உடைக்காமல் காரணம் சொல்லப் பழகுங்கள். ‘கடைசியில் மிகவும் சோகம்’ என்ற வாக்கியம் முடிவையும் உடைக்கிறது, எதையும் விளக்கவுமில்லை. ‘பொதுப்பகுதியில் வேடிக்கையாக வந்த கோபத்துக்குப் பின்னால் அச்சம் இருப்பதை நடுப்பகுதி காட்டுகிறது’ என்று எழுதினால், வாசகருக்கு ரூட்டின் தரமும் தெரியும், கதையும் கெடாமல் இருக்கும். உங்களுக்குப் பிடித்த நாயகி யார் என்பதையும் மறைக்காமல் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அந்த விருப்பத்தைக் கழித்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ள வாசகருக்கு அது உதவும். எனக்கு மனாகா மிகவும் பிடித்தவள். மேலே அவளுடைய ரூட்டைப் பற்றி நான் எழுதியதை அந்த அளவு குறைத்து வாசிக்கலாம்.

2008 பிப்ரவரியில் கணினிக்கு வந்த அனதர் டேஸ் என்ற அடுத்த தொகுப்பு, முந்தைய ரூட்களில் துணைப்பாத்திரங்களாக வந்தவர்களை நாயகிகளாக்குகிறது. அதை எடைபோடப் போகிறவர்கள் ஒரு முன்னேற்பாடு செய்துகொள்ள வேண்டும்: மார்யானின் கதைக்கு முன் சசாராவின் ரூட்டையும், மனாகாவின் தங்கை இகுனோவின் கதைக்கு முன் மனாகாவின் ரூட்டையும், இல்ஃபாவின் தங்கைகளான மில்ஃபா, சில்ஃபா ஆகியோரின் கதைகளுக்கு முன் இரட்டையரின் ரூட்டையும் முடித்திருக்க வேண்டும். கொனோமியின் தோழிகளான சியே, மிச்சிரு ஆகியோரின் கதைகளுக்குக் கொனோமியின் ரூட் நினைவில் இருந்தால் போதும். பழைய நோட்டில் அந்தந்த ரூட்டுக்கு எழுதிய குறிப்புகளின் கீழேயே புதிய கதையின் குறிப்புகளையும் எழுதிக்கொண்டே போனால், எந்தத் துணைப்பாத்திரம் உண்மையிலேயே தனிக்கதையைத் தாங்கக்கூடியதாக இருந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.